ஆரணிக்கு வராத சீனி வருத்தம்

யோகன் அண்ணை எங்களைக் கண்டதும் ரொஃபிப் போத்தலைத் தூக்கிக் கல்லாவுக்குக் கீழே ஒளித்தார்.

ஒளித்ததை நான் கண்டுவிட்டேன். நான் கண்டதை அவரும் கண்டுவிட்டார். உடனே தராசைத் துடைக்கிற பாவனையில் திரும்பி நின்றுகொண்டார். அந்தத் தராசை அவர் துடைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் அவருடைய பலசரக்குக் கடை. என் மகள் ஆரணி நடக்கப் பழகிய நாள் முதல் அந்தக் கடையில் அவளுக்கு ஒரு ரொஃபி உண்டு. பல் பழுதாகும், வேண்டாம் அண்ணை என்று நான் சொன்னால், "நீங்களும் ஒண்டு எடுங்கோ" என்று என் வாயையும் அடைப்பார். அப்படிப்பட்ட மனிதர் போத்தலை ஒளிக்கிறார் என்றால் ஏதோ பெரிய பிழை நடந்திருக்க வேண்டும்.

ஆரணிக்கு அப்போது எட்டு வயது. அவள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அரிசி மூட்டைகளின் மேல் ஏறி, உச்சியில் நின்று, கூரையில் தொங்கிய வாழைக்குலையோடு பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள்.

யோகன் அண்ணை அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, கேள்விப்பட்டனான். மனசைத் தளர விடாதையுங்கோ."

"என்னத்தைக் கேள்விப்பட்டனீங்கள்?"

"அதை ஏன் பிள்ளைக்கு முன்னாலை கதைப்பான்." ஒரு பை நிறையப் பாவற்காயை என் கையில் திணித்தார். "காசு வேண்டாம். காலமை வெறுவயித்திலை சாறு பிழிஞ்சு குடுங்கோ. என்ரை மனிசிக்கு இதாலைதான் இறங்கினது."

"என்ன இறங்கினது?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "எட்டு வயசிலை! கடவுளுக்குக் கண் இல்லை" என்றார். இன்னொருவர் நாக்கால் 'ச்சு' கொட்டினார். பாவற்காய்ப் பையோடு நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

ஆரணி மூட்டையிலிருந்து குதித்து வந்து பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது முதலையின்ரை குட்டியோ?"

அவ்வளவுதான். வரிசையில் நின்ற ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்சம் பின்னால் போவோம்

சென்ற வாரம் நான் வேலை பார்க்கும் பயணச்சீட்டுக் கடையைப் பற்றி எழுதினேன். யன்னலோரம் வேண்டும், ஆனால் வெளியே பார்த்தால் தலைசுற்றும் என்று சண்டை பிடித்த ஐயாவின் கதை. அதை வாசித்த ஒரு தோழி, "ஏன் உங்கட மகளைப் பற்றி எழுதிறேல்லை?" என்று கேட்டாள். காரணம் இருக்கிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நானும் அவளைப் போலவே ஆகிவிடுகிறேன். ஒன்றைத் தொடங்குவேன், நடுவில் எழும்பி வேறொன்றுக்குப் போவேன், அடுப்பில் பால் பொங்கும். இந்த வாரம் பால் வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரணியின் ஆசிரியை இளம் பெண். பொறுமைசாலி. அவரே ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: பென்சில் தீட்ட எழும்பும் பிள்ளை தீட்டிய பென்சிலோடு பக்கத்து வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் எல்லோரும் ஓவியம் பார்க்க, இவள் காவலாளியின் வானொலிக் கருவியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குறும்பு அல்ல, நல்ல பிள்ளை. ஆனால் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

காட்டினோம். பல தடவை போய் வந்த பிறகு வைத்தியர் பெயரைச் சொன்னார். ஊர் உலகத்தில் ஏ.டி.எச்.டி. என்பதை இங்கே தேதேஆஷ் என்கிறார்கள். கவனம் ஓரிடத்தில் நில்லாது, கைகால் சும்மா இராது. என் கணவர் குகன் அதைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் பேர் இருக்கோ? எங்கட வீட்டிலை எல்லாரும் இப்பிடித்தானே" என்றார். வைத்தியர் அவரைச் சற்று அக்கறையோடு பார்த்தார்.

இதில் ஒரு விஷயம் எங்களை உண்மையாகவே நெருக்கியது. வசந்தகாலத்தில் ஆரணியின் வகுப்பு முழுவதும் ஒரு கிழமை பிரித்தனிக் கடற்கரைக்குப் போகவிருந்தது. இங்கே அதைக் கடல் வகுப்பு என்பார்கள். பெற்றோர் கிடையாது, ஆசிரியர்கள் மட்டும். ஆரணி அந்த நாட்களில் ஒக்டோபஸ் பைத்தியமாக இருந்தாள். அதற்கு மூன்று இதயம் என்பதை லா ஷப்பல் மெத்ரோ நிலையத்தில் டிக்கெட் பரிசோதிக்கிறவர்களுக்குக்கூடச் சொல்லியிருக்கிறாள். பாறை இடுக்கில் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்பதே அவளுடைய வாழ்க்கை இலட்சியம்.

ஆசிரியை மறைக்காமல் சொன்னார். "கடலும் பாறையும் இருக்கும் இடம். குழுவை விட்டுப் பிரிந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. ஈஸ்டர் விடுமுறைக்கு முன் முடிவெடுப்போம்."

ஆரணி அன்றிரவு தன் பைக்குள் நீச்சல் கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள். பயணத்துக்கு இன்னும் குளிர்காலம் முழுவதும் இருந்தது. அந்தக் கண்ணாடியை வெளியே எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் ஊரடங்கு

குகன் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல் செய்கிறவர். எந்தப் பிரச்சினைக்கும் சட்டியில் பதில் தேடுவார். வைத்தியரிடமும் அதையே கேட்டார்: "சாப்பாட்டில் ஏதாவது செய்யலாமா?"

வைத்தியர் நிதானமாகச் சொன்னார். சாப்பாடு இதை மாற்றிவிடாது. சீனியால் வந்ததும் அல்ல. ஆனால் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் எந்தப் பிள்ளையும் ஓரிடத்தில் இராது. ஆகவே காலையில் முட்டையோ பருப்போ வயிறு நிறைய, கிழமையில் சில நாள் மீன், சோடாவையும் நிறம் போட்ட இனிப்பையும் குறையுங்கள், நேரத்துக்குத் தூக்கம், நன்றாக ஓடியாட விடுங்கள். மருந்து தேவையா என்பதைப் பிறகு ஆறுதலாகப் பேசுவோம். கடைசியாக ஒன்று சொன்னார்: "எதையும் ஒரேயடியாகத் தடை செய்யாதீர்கள்."

நாங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடை செய்தோம்.

சீனிப் போத்தல் அலுமாரியின் உச்சிக்குப் போனது. பிஸ்கற், சோடா, நூடில்ஸ், பளபளவென்று எது இருந்ததோ அதெல்லாம் போனது. ஆரணி இதைப் பொருட்படுத்தவே இல்லை. அவளுக்குச் சாப்பாட்டில் கவனம் நின்றால்தானே! பாதிக்கப்பட்டது குகன். சீனியில்லாத் தேத்தண்ணீரோடு அவரால் ஒரு கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்புவார், நடப்பார், குளிர்ப்பெட்டியைத் திறப்பார், மூடுவார். சொன்னதைத் திரும்பச் சொன்னால்தான் காதில் ஏறும். கைபேசியைக் காய்கறித் தட்டில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினார்.

"அம்மா, அப்பாவை அந்த வைத்தியரிட்டைக் கூட்டிக்கொண்டு போவமா?" என்று ஆரணி என் காதில் கேட்டாள்.

பிறகு ஒருநாள் மூலையிலிருக்கும் வெதுப்பகத்தில் கேக்கோடு, கையும் கிறீமுமாக அவரைப் பிடித்தேன். அதன் பின்தான் சீனிப் போத்தல் கீழே இறங்கியது.

மீன் அடுத்த தலைவலி. மீன்கடைக்கு ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனது என் முட்டாள்தனம். ஐஸ் மேல் கிடந்த ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்தாள். பெயர் வைத்த மீனை எந்தப் பிள்ளை சாப்பிடும்? "இது ழெரார்" என்று தட்டைத் தள்ளினாள். ழெராரை நானும் குகனும் அழுதுகொண்டே சாப்பிட்டோம். நல்ல ருசிதான்.

வைத்தியரைக் கேட்டுவிட்டு மீனெண்ணெய் மாத்திரை வாங்கினேன். அதற்கு வதனி மச்சாள் வந்தார்.

வதனி மச்சாள் குகனுடைய அக்கா. பியர்ஃபித்தில் இருக்கிறார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் ரயில் பிடித்து வந்து மேற்பார்வை செய்வார். பாசக்காரி. அந்தப் பாசத்தைத் தாங்கத்தான் உடம்பில் பலம் வேண்டும். மாத்திரையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது மச்சம் அல்லோ? வெள்ளிக்கிழமை, விரத நாளிலை எப்பிடிக் குடுக்கிறது?"

"மாத்திரை மச்சாள்."

"மாத்திரைக்குள்ளை மீன்தானே இருக்கு. மூடி வைச்சால் மரக்கறி ஆயிடுமோ?"

வெள்ளிக்கிழமைகளில் மாத்திரைக்கு ஓய்வு என்று முடிவாயிற்று. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமைகளில் வல்லாரை என்று மச்சாள் சட்டம் போட்டார். வல்லாரைச் சம்பல், வல்லாரைச் சொதி, வல்லாரை ரொட்டி. ஞாபகசக்திக்கு அதை மிஞ்ச ஒன்றில்லையாம். சொல்லிவிட்டுத் தன் குடையை எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனார்.

தேங்காய் வாய்ப்பாடு

எல்லாம் பிழையாய்ப் போனதா என்றால், இல்லை. காலையில் முட்டையும் பயறும் சாப்பிட்டுப் போன நாட்களில் மத்தியானம்வரை பிள்ளை கொஞ்சம் அமைதியாக இருக்கிறாள் என்று ஆசிரியை சொன்னார். பேருந்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிக்கொண்டே போக வைத்தோம். அதாவது அவள் ஓடினாள், நான் பின்னால் கத்தினேன். எனக்கும் உடம்பு கொஞ்சம் இறங்கியது.

பெரிய கண்டுபிடிப்பு தற்செயலாக நடந்தது. ஒரு மாலை அவளைக் கதிரையில் இருத்தி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டு போய், கோபத்தில் எழும்பிச் சமையலறைக்குத் தேங்காய் துருவப் போனேன். ஆரணி பின்னாலேயே வந்து, "நான் செய்யிறன்" என்று திருவலையில் குந்தினாள். கை துருவ, வாய் தன்பாட்டில் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னது. பிழையில்லாமல்! கைக்கு வேலை இருந்தால் அவளுடைய தலை ஓரிடத்தில் நிற்கிறது. எனக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். கீழ்வீட்டு மதாம் மேலே வந்து என்ன நடந்தது என்று கேட்டார். அவருக்கும் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பூ கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகு பாடமெல்லாம் திருவலையில்தான். வினைச்சொற்கள், நதிகள், பிரெஞ்சு அரசர்கள். படிப்பு ஏற ஏறத் தேங்காய் குவிந்தது. சம்பல், சொதி, புட்டு, மீண்டும் சம்பல். குளிர்ப்பெட்டியில் கைவைக்க இடமில்லை. கட்டடத்தில் சம்பல் வாங்காத வீடில்லை. யோகன் அண்ணை, "என்ன தங்கச்சி, ஏதும் கலியாணச் சாப்பாடு எடுத்திருக்கிறியளோ?" என்று கேட்டார். அதற்குள் சரித்திரப் பாடத்தில் புரட்சியும் குடியரசும் நல்ல பூவாகத் துருவி முடிந்திருந்தன.

இப்படி மெல்ல மெல்ல நம்பிக்கை வந்துகொண்டிருந்த வேளையில்தான் அந்தப் பாவற்காய்ப் பை என் கைக்கு வந்தது.

மரியாதையான வருத்தம்

அன்று கடையை விட்டு வெளியே வந்ததும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். லா ஷப்பலில் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று உலவினால் அதன் ஊற்று பியர்ஃபித்தில் இருக்கும் என்பது என் அனுபவம்.

"மச்சாள், ஆரணியைப் பற்றி ஆருக்கும் ஏதும் சொன்னீங்களோ?"

"என்ரை குடை உங்கட வீட்டிலையோ கிடக்கு?" என்று மச்சாள் கேட்டார். மச்சாள் பேச்சை மாற்றினால் குற்றம் உறுதி.

முந்தைய ஞாயிறு அவர் ஆரணியைத் திரான்சியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கூட்டிப்போயிருந்தார். எங்களுடைய பிறந்தநாள் விழாக்கள் தெரியுந்தானே? மண்டபம் எடுத்து, படம் பிடித்து, மாடி வீடு போல ஒரு கேக். அன்றைய கேக் நல்ல நீலம். நிறம் போட்டது வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். விருந்து வைத்தவர்கள் விடவில்லை. ஒரு பிள்ளை கேக் வேண்டாம் என்றால் அது அவர்களுக்கு அவமானம் அல்லவா? ஏன், ஏன் என்று துளைத்திருக்கிறார்கள். மேசையைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது.

"அப்ப நான் என்ன சொல்லுறது? அவவுக்குச் சீனி வருத்தம் எண்டு சொல்லிப்போட்டன்."

"மச்சாள்!"

"ஏன் கத்துறாய் சுகி? தேதேஆஷ் எண்டு சொன்னால் சனம் என்ன நினைக்கும்? மூளையிலை ஏதோ எண்டு கதைக்கும். சீனி வருத்தம் எண்டால் மரியாதையான வருத்தம். எங்கட குடும்பத்திலை எல்லாருக்கும் இருக்கு."

கோபம் தலைக்கேறினாலும் அவர் சொன்னதில் உண்மை இருப்பது எனக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்களிடம் நீரிழிவு என்று சொல்லிப் பாருங்கள். உடனே உங்களைக் கதிரையில் இருத்தி, தங்கள் அளவைச் சொல்லி, உங்கள் அளவைக் கேட்பார்கள். அது ஒரு சங்கம் மாதிரி. பிள்ளையின் கவனம் நிற்கவில்லை என்று சொன்னாலோ, தாய் சரியாக வளர்க்கவில்லை என்று முகத்துக்கு நேரே தீர்ப்பு வரும்.

நான் மறுத்துப் பார்த்தேன். கடையில், கோயில் வாசலில், மெத்ரோவில். "இல்லை, அவவுக்குச் சீனி வருத்தம் இல்லை." என் முகத்தை இரக்கத்தோடு பார்த்துத் தலையாட்டினார்கள். "விளங்குது. சொல்ல ஏலாதுதான்." மறுக்க மறுக்க நோய் முற்றியது. வெந்தயம் வந்தது, நாவற்கொட்டைத் தூள் வந்தது. சீனியில்லாச் சொக்லற் பெட்டி பெட்டியாக வந்தது. குகன் அதை ஒரே மூச்சில் தின்று மூன்று நாள் வயிற்றால் போய்க் கிடந்தார்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும்வரை.

பறிபோன தயிர்

ஆரணியின் பள்ளி உணவகத்தில் பரிமாறுகிறவர் ஜெசி அக்கா. மன்னார்க்காரி, தங்கமான மனுசி. செய்தி அவர் காதுக்கும் போயிருக்கிறது. அன்று முதல் ஆரணியின் தட்டிலிருந்து இனிப்புத் தயிரை எடுத்துவிட்டு இரண்டு துண்டு பாற்கட்டி வைத்திருக்கிறார். ஆரணிக்குப் பாற்கட்டி பிடிக்கும், அதனால் அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. பிள்ளைக்குக் கடற்கரையில் மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று பயந்து, ஜெசி அக்கா ஆசிரியையிடமும் சொல்லிவிட்டார்.

ஆசிரியையின் குரல் அன்று வழக்கம்போல் இல்லை. "மதாம், இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் மறைத்தீர்கள்? ஊசி, மருந்து, அளவு எதுவும் தெரியாமல் நான் எப்படி இவளைக் கூட்டிப்போவது? குழுவோடு இப்போது ஓரளவு நிற்கிறாள், கூட்டிப்போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன்."

நினைத்திருந்தேன்! கூட்டிப்போகலாம் என்று நினைத்திருந்தாராம்! இல்லை, பொய், அது ஒரு கேக்கால் வந்த கதை என்று பிரெஞ்சில் திக்கித் திணறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஆனால் உங்கள் சொந்தக்காரரே சொன்னதாக ஜெசி சொல்கிறாரே. நீங்கள் வெட்கத்தில் மறைப்பதாகவும் சொன்னார்." வைத்தியரின் கையெழுத்தோடு வரச் சொன்னார். வைத்தியர் விடுமுறையில். பெயர்ப் பட்டியலைத் திங்கட்கிழமை முடிக்க வேண்டும்.

தேதேஆஷ் தடுக்காத பயணத்தை இல்லாத சீனி தடுக்கப் போகிறது. அன்று நான் சமையலறையில் நின்று அழுதேன். ஆரணி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு பாதியில் விட்டுவிட்டு யன்னலில் புறா பார்க்கப் போனாள்.

கடைக்குள் ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை ஜெசி அக்கா யோகன் அண்ணை கடைக்கு மரக்கறி வாங்க வருவார் என்பது தெரியும். ஆரணியையும் கூட்டிக்கொண்டு போனேன், மச்சாளையும் வரச் சொன்னேன். கதையைத் தொடங்கியவரே முடிக்கட்டும்.

கடை நிறையச் சனம். நான் மச்சாளை மிளகாய்த்தூள் பக்கம் ஒதுக்கினேன்.

"மச்சாள், ஜெசி அக்காவிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. இப்ப."

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ? நாளைக்குப் பிள்ளையை ஆரும் கலியாணம் பேசி வரேக்கை..."

"அவவுக்கு எட்டு வயசு!"

இது சற்றுச் சத்தமாக வந்துவிட்டது. கடை திரும்பிப் பார்த்தது. யோகன் அண்ணை வழக்கம்போல் ரொஃபிப் போத்தலைக் கீழே இறக்கினார். ஜெசி அக்கா முருங்கைக்காய்க் கட்டோடு அருகில் வந்து என் கையைப் பிடித்தார். "அழாதையுங்கோ சுகி. இப்ப நல்ல நல்ல மருந்துகள் இருக்கு."

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பயணச்சீட்டுக் கடையில் நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவள் நான். என் பிள்ளைக்கு என்ன என்று சொல்வதற்குப் பதிலாக, முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டேன். அவளை இந்தச் சனம் நாளை எப்படிப் பார்க்கும் என்ற பயம் எனக்கும் மச்சாளைவிடக் குறையாமல் இருந்திருக்கிறது.

"எனக்குச் சீனி வருத்தமோ?"

குரல் அரிசி மூட்டை உச்சியிலிருந்து வந்தது. ஆரணி கடையைக் குனிந்து பார்த்தாள். "இல்லையே. எனக்குத் தேதேஆஷ்."

மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"வகுப்பிலை எல்லாருக்கும் தெரியும். நான் முன்னுக்கு நிண்டு சொன்னனான்." அதன் பிறகு பிரெஞ்சுக்குத் தாவினாள். ஏன் எழும்பி எழும்பி நடக்கிறாய் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். ஆசிரியையிடம் அனுமதி கேட்டு வகுப்புக்கே விளக்கினாளாம். தலைக்குள் நினைப்புகள் எல்லாம் வரிசையில் நிற்காமல் ஒரே நேரத்தில் முன்னுக்கு வரும், அதுதான் விஷயம் என்று சொன்னாளாம். "பாதியிலை ஒக்டோபஸைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டிட்டன். அதுதான் எல்லாருக்கும் பிடிச்சது."

ஒரு குளிர்காலம் முழுவதும் நாங்கள் பெரியவர்கள் பொத்திப் பொத்தி வைத்ததை இவள் கரும்பலகை முன் நின்று முடித்துவிட்டாள்!

யோகன் அண்ணை பாவற்காய்ப் பெட்டியைப் பார்த்தார், ஆரணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப தங்கச்சி, அதுக்கு என்ன குடுக்கிறது?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. பாதாம் என்றார் ஒருவர், நல்லெண்ணெய் முழுக்கு என்றார் இன்னொருவர். ஒரு ஐயா, நவாலியில் தனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் இருந்து பிறகு கப்பல் தலைவர் ஆனார் என்றார். மூளை, பைத்தியம் என்று ஒரு சொல் எந்த வாயிலிருந்தும் வரவில்லை. நான் இவ்வளவு நாளும் எதற்குப் பயந்தேன்?

அப்போது எல்லோரையும் விலக்கிக்கொண்டு வதனி மச்சாள் நடுவில் வந்தார்.

"தேதேஆஷுக்கு உதெல்லாம் சரிவராது. காலமை முட்டை குடுக்கோணும். நேரத்துக்கு நித்திரை. சும்மா இருத்தி வைச்சுப் படிப்பிக்கக் கூடாது, கைக்கு வேலை குடுக்கோணும். சாப்பாடு மாத்தாது, துணைதான் செய்யும். எனக்கு வைத்தியரே சொன்னவர்."

அவர் அந்த வைத்தியரைக் கண்டதே இல்லை. 'சொன்னவர்' என்றாரே, வைத்தியர் ஆண் அல்ல, பெண். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் மச்சாள் லா ஷப்பலில் கடை நடுவே நின்று தேதேஆஷ் என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தக் கணம் அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

ஜெசி அக்காதான் உடைந்து போனார். "ஐயோ, என்ரை பிள்ளையின்ரை தயிரை அல்லோ பறிச்சுப் போட்டன்!"

"பரவாயில்லை அன்ரி," என்றாள் ஆரணி. "பாற்கட்டியை நிப்பாட்டிப் போடாதையுங்கோ."

வாசலில் பேருந்து

திங்கட்கிழமை காலை பள்ளி திறக்கும் முன்னமே ஜெசி அக்கா வாசலில் நின்று ஆசிரியையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஆசிரியை சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. பட்டியலில் ஆரணியின் பெயர் ஏறியது. ஒரு யோசனையும் அவரே சொன்னார்: முதலுதவிப் பையைச் சுமக்கும் பொறுப்பு ஆரணிக்கு. பை எப்போதும் ஆசிரியையின் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆகவே ஆரணியும் இருப்பாள். கைக்கு ஒரு வேலை. எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று பொறாமையாகக்கூட இருந்தது.

புறப்படும் காலை பெற்றோரெல்லாம் நடைபாதையில் நின்றோம். மற்றப் பிள்ளைகள் தாயைக் கட்டிப்பிடித்தார்கள், சிலர் அழுதார்கள். ஆரணி முதலுதவிப் பையை மாட்டிக்கொண்டு எனக்கு ஒரு முத்தம் தந்தாள், அது என் மூக்கில் விழுந்தது, அடுத்த கணம் பேருந்துக்குள் இருந்தாள்.

வண்டி அசைந்தது. யன்னலெல்லாம் குட்டிக் கைகள். ஆரணியும் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையையும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகுதான் கவனித்தேன், அவள் பார்வை என் தலைக்கு மேலால் போகிறது. திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் பச்சைநிறக் குப்பை லொறி ஒன்று நின்றது. அவள் கையாட்டியது அதன் சாரதிக்கு.

"பாருங்கோ," என்றார் ஜெசி அக்கா, "தாயைத் திரும்பியும் பாக்கேல்லை."

எனக்கு அழுகை வந்தது. ஜெசி அக்கா நினைத்த காரணத்துக்கு அல்ல. என் பிள்ளை பயமில்லாமல் போகிறாள். எல்லோரோடும் சேர்ந்து, தன் இருக்கையில், தன் பையோடு போகிறாள். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

நான் பேருந்து மறையும்வரை கையை இறக்கவில்லை. குப்பை லொறிச் சாரதி யன்னலுக்கு வெளியே கையை நீட்டி முதலில் அவளுக்கும், பிறகு எனக்கும் ஆட்டினார்.